கொண்டைக்காரியின் கறுப்பு

கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கு நடுவே பிரியும் ஒரு சந்தில் இருந்தது ராதாவின் நகைக்கடை. கீழே சின்னதாகக் கடை, மாடியில் ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை. அங்கே எந்த நகைக்கும் கடைசிக் கை யூனிஸுடையதுதான். மூத்த ஆசாரி அய்யாவு செய்து முடித்ததை மெருகேற்றி, கழுவி, துடைத்து, எடை பார்த்து, எடைச் சீட்டைக் கட்டிப் பெட்டியில் வைப்பாள்.

யூனிஸுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மர்பி டவுனில் வீடு. புருஷன் சிரில் ரொட்டி பேக்கரியில் அடுப்படி வேலை, மகள் ஆஞ்சலா காலேஜில் பியுசி முதல் வருஷம். யூனிஸ் பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்க தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி போய், மறுபடி வந்து இழுப்பாள். பட்டறையில் அவளைக் கேலி செய்வார்கள். ஆனால் ஒன்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு கல்கூடக் காணாமல் போனதில்லை. அந்தப் பயத்துக்காகத்தான் ராதா அவளை வைத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

1997ஆம் வருஷம் அக்டோபர் கடைசியில் டாக்டர் சுந்தரம் கடைக்கு வந்தார். ரயில்வே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கியவர். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது, மற்றொரு கண்ணும் மங்கல். பழைய தகரப் பெட்டியைத் திறந்து, பஞ்சின் மேலிருந்து ஐந்து வெள்ளிக் காசுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். லண்டனில் படித்த காலத்தில், பஸ்ஸில் போகாமல் நடந்து மிச்சம் பிடித்து, மாசத்துக்கு ஒன்றாக வாங்கியவை. ரோமாபுரியில் அடித்த காசுகள். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கும் மேல் பழசு. அன்றைக்குக் கடைக்காரர் கொடுத்த ரசீதுகள்கூட மடித்து அதே பெட்டியில் இருந்தன.

"என் பொண்ணு தாரணிக்குக் கல்யாணம். வைர நெக்லஸ் எல்லாரும் போடறாங்க. இது அவ கழுத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை," என்றார்.

ராதா தாளில் வரைந்து காட்டினாள். தட்டையான தங்கச் சங்கிலி, அதில் ஐந்து தங்கக் கூடுகள், கூட்டுக்குள் காசு. காசில் ஓட்டை போடக் கூடாது, நெருப்புப் படக் கூடாது. மெல்லிய தங்க விரல்கள் நான்கு மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். வேண்டும்போது காசைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று.

அவர் போனதும் ராதா மாடிக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டாள்.

"இந்தக் காசு மேல இருக்கிற கறுப்பு அழுக்கு இல்ல. அதோட வயசு. கறுப்பு போச்சுன்னா காசே போச்சு. யாரும் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது. அய்யாவு அண்ணே, உங்களுக்கும்தான். யூனிஸ், கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம்."

நகையோடு வரும் காகித உறையின் மேலும் சிவப்பு மையில் அதையே எழுதினாள்.

அய்யாவு பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அவர் வேலை செய்யும்போது யூனிஸ் அடிக்கடி எட்டிப் பார்ப்பாள். காசுகளில் இருந்த ராஜாக்களின் பெயர்களெல்லாம் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் தானே பெயர் வைத்துக்கொண்டாள். சுருட்டைத் தாடி வைத்தவர் தாடிக்காரர். நெற்றி ஏறியவர் மொட்டையப்பா. கழுத்துத் தடித்தவர் ஒருவர், பையன் முகம் ஒருவர். நடுவில் தொங்க வேண்டிய மூன்றாவது காசில் இருந்தது ஒரு பெண். ராஜாவின் மனைவியாம். தலையைச் சுற்றிப் பின்னி உச்சியில் கொண்டை போட்டிருந்தாள். கன்னம் வழவழப்பாக எழும்பி நிற்க, கொண்டையின் இடுக்குகளிலும் கழுத்தடியிலும் கறுப்பு படிந்திருந்தது. யூனிஸுக்கு அவளைத்தான் பிடித்தது. கொண்டைக்காரி.

நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நகை யூனிஸ் கைக்கு வந்தது. ராதா சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தாள், திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவாள். அன்றைக்கே பதினோரு மணிக்கு டாக்டர் நகையை வாங்க வருவதாக ஏற்பாடு. கல்யாணம் அடுத்த ஞாயிறு.

தங்கக் கூடுகளுக்கு மட்டும் மெருகு ஏற்ற வேண்டும். காசுகளைக் கழற்ற மெல்லிய விரல்களை நிமிர்த்தினால் ஒடிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். யூனிஸ் ஐந்து காசுகளின் மேலும் காகித டேப்பை அளவாக வெட்டி ஒட்டினாள். சிவப்பு மெருகுக் கட்டியை ஓடும் துணிச் சக்கரத்தில் தொட்டு, ஒவ்வொரு கூடாகக் காட்டினாள். மொட்டையப்பா முடிந்தது. தாடிக்காரர் முடிந்தது. மூன்றாவதில் டேப்பின் ஓரம் சூட்டில் எழும்பியிருந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு நொடிதான். சக்கரத்தை நிறுத்தி டேப்பை உரித்தபோது கொண்டைக்காரியின் கன்னத்திலிருந்து கொண்டைவரை சிவப்பாக ஒரு தீற்றல்.

அப்படியே வைத்துவிட்டு எழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ராதா வந்ததும் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது வழி பார்த்திருப்பாள். யூனிஸ் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மெதுவாக ஒற்றினாள். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். சிவப்பு போயிற்று. கூடவே கறுப்பும் போய், கன்னத்தில் வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். அய்யாவு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கீறல் மட்டும் தனியாகத் தெரிவதால்தானே வம்பு, சுற்றிலும் கொஞ்சம் வெளுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று தோன்றியது. வெள்ளி கழுவும் மருந்து பாட்டிலைத் திறந்து, தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஒரு துளி தொட்டு வைத்தாள். துளி அவள் வைத்த இடத்தில் நிற்கவில்லை. கொண்டைக்குள் ஓடியது, கழுத்துக்கு ஓடியது, எழுத்துகளுக்குள் ஓடியது. பதறித் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தபோது, கொண்டைக்காரி புது எட்டணா மாதிரிப் பளிச்சென்று இருந்தாள். நாலு கறுப்பு முகங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளை முகம்.

"இன்னா யூனிஸ், முடிஞ்சுதா?" என்று அய்யாவு திரும்பாமலே கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குது அண்ணே. நாளைக்கு முடிச்சிடறேன்."

நகையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். இரும்புப் பெட்டியின் சாவி அய்யாவுவிடம். அவர் மூடியைத் திறந்து பார்ப்பாரோ என்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் வைத்த பெட்டியை யாரும் திறந்து பார்த்ததில்லை.

அன்று மாலை சிவாஜிநகரில் பஸ் ஏறும்போதே அவளுக்கு முட்டை நினைவு வந்தது. வெள்ளிக் கரண்டியில் முட்டை சாப்பிட்டால் கரண்டி கறுத்துவிடும் என்பது வெள்ளைக்காரர் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டுக்கு வந்ததும் ஒரு முட்டையை வேகவைத்து, சூடாகவே நசுக்கி டிபன் டப்பாவில் போட்டு, மூடியின் உள்ளே ஆஞ்சலாவின் சின்ன வெள்ளிச் சிலுவையைத் தொங்கவிட்டு மூடினாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாள். முதலில் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், ஓரத்தில் நீலம் பாய்ந்த கறுப்பு. நிஜக் கறுப்புக்குக் கிட்டத்தட்ட.

"முட்டையை வேஸ்ட் பண்ணி இன்னா பண்ற?" என்றான் சிரில்.

"பட்டறையில ஒரு வேலை. டிரை பண்ணிப் பாக்கறேன்."

சிலுவையை லேசாகத் துடைத்து, கறுப்பாகவே மகளின் சங்கிலியில் மறுபடி கோத்து வைத்தாள். அவனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நடந்தது நிஜமாகிவிடும் போலிருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை அய்யாவுவும் மற்றவர்களும் சாப்பிடக் கீழே போன நேரத்தில், மற்ற நாலு காசுகளையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, கொண்டைக்காரியை மட்டும் டப்பாவுக்குள் தொங்கவிட்டாள். மாடிப்படியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். நிறம் வந்தது. உயர்ந்த இடங்களில் பஞ்சால் லேசாகத் துடைத்து, பள்ளங்களில் விட்டாள். கறுப்புதான். ஆனால் வெயிலில் காட்டினால் மழைத் தண்ணீர் மேல் பெட்ரோல் சிந்தினாற்போல் ஒரு ஊதா ஓடியது. வெயிலில் யார் காட்டப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். முட்டை வாடைக்காகப் பெட்டியை ஜன்னலோரம் திறந்து வைத்தாள். சாப்பிட்டு வந்த அய்யாவு மூக்கைச் சுளித்து, "யாரோ முட்டை சோறு கொணாந்துருக்காங்க" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டர் பத்தரைக்கே வந்துவிட்டார். ராதா நகையை வெல்வெட் மேல் விரித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு காசாகக் குனிந்தார். யூனிஸ் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது காசின் மேல் அவர் குனிந்தபோது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பியூட்டிஃபுல். தொட்ட மாதிரியே தெரியல."

"எங்க யூனிஸ்தான் ஃபினிஷிங்," என்று ராதா அவளைக் கூப்பிட்டாள். டாக்டர் அவளுக்கு இரண்டு கையாலும் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். "குடும்பத்தோட வரணும்மா. நாப்பது வருஷமா பெட்டியில கெடந்ததுங்க. நீங்கள்லாம் சேந்து வெளிய கொண்டாந்துட்டீங்க."

யூனிஸ் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு முழுதும், தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆஞ்சலா காலேஜிலிருந்து வந்து, கண்ணாடி முன் நின்று கத்தினாள்.

"மம்மி, இன்னா இது? கழுத்தெல்லாம் கறுப்பு! யூனிஃபார்ம்லகூட ஒட்டிக்கிச்சு, பாரு!"

வேர்வையில் சிலுவையின் கறுப்பு கரைந்து, தொண்டைக்குழியில் தீட்டியிருந்தது. வெள்ளைக் காலரில் விரல் அகலத்துக்குக் கறை. சிலுவை பாதி வெளுத்துவிட்டிருந்தது. யூனிஸ் காலரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள். அவள் கண்ணுக்கு அது மகளின் காலராகத் தெரியவில்லை. கல்யாண மண்டபம், ஹோமப் புகை, வீடியோ விளக்கின் சூடு, தாரணியின் கழுத்து, பட்டுப் புடவை. ஐம்பது பேர் முன்னால் யாரோ ஒரு அத்தை கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கறுப்பான கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள்.

அப்போதுதான் சிரிலிடம் சொன்னாள்.

"வேலை போனாலும் போவுது. நாளைக்கே சொல்லிடு," என்றான்.

புதன்கிழமை அவள் ராதாவிடம் மூன்று தடவை போனாள். முதல் தடவை ராதா போனில் இருந்தாள். இரண்டாம் தடவை வாடிக்கையாளர்கள். மூன்றாம் தடவை ராதா நிமிர்ந்து, "என்ன யூனிஸ்?" என்று கேட்டுவிட்டாள். யூனிஸ், "அரை நாள் லீவு வேணும் மேடம்" என்றாள். தான் என்ன கேட்டோம் என்பதே கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பத்திரிகையில் விலாசம் இருந்தது. காக்ஸ் டவுன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டில் கைவைத்துவிட்டு ஒரு தடவை தெருமுனைவரை திரும்பி நடந்தாள். பந்தல்காரர் ஒருவர் கன்னடத்தில், "யாரு பேக்கு அம்மா?" என்று, யார் வேண்டுமெனக் கேட்கவே, "டாக்டரு" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் திரும்ப முடியவில்லை.

டாக்டர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்ததும் எழுந்தார். "வாம்மா, வா. காப்பி சாப்பிடறியா?"

"வேணாம் சார்." அவள் உட்காரவில்லை. "சார், அந்த நெக்லஸ்ல ஒரு காசை நான் கெடுத்துட்டேன். டேப்பு எழும்பி மெருகு பட்டுடுச்சு. அத்த எடுக்கப் போயி மருந்து போட்டேன், வெள்ளையாப் போச்சு. அப்புறம் முட்டைய வச்சு கறுப்பாக்கிக் குடுத்துட்டேன். மேடத்துக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவர் உள்ளே போய், பெட்டியை எடுத்து வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை, கடைசியிலிருந்து முதல்வரை. வெகுநேரம் பார்த்தார்.

"எது?" என்றார்.

யூனிஸுக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியலம்மா. எதுன்னு நீயே காட்டு."

அவள் கிட்டே வந்து மூன்றாவதைக் காட்டினாள். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஃபாஸ்டினா ராணி," என்றார். "நான் வாங்கின முதல் காசு." உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொல்லாமயே இருந்திருக்கலாம். சாகறவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"வேர்வை பட்டா கறுப்பு கரைஞ்சிடும் சார். என் பொண்ணு சிலுவை அப்படித்தான் ஆச்சு. ஞாயித்துக்கெழம உங்க பொண்ணு பட்டுப் பொடவையில…"

"ஓஹோ." அவர் தலையை நிமிர்த்தினார். "அப்போ கரையாதுன்னா வந்திருக்க மாட்ட."

வந்திருப்பேன் என்று சொல்ல யூனிஸ் வாய் திறந்தாள். பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

"தெரியல சார்," என்றாள்.

அவர் "தாரணி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டு, பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

தாரணி கையில் மருதாணியோடு வந்தாள். விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகம் சுருங்கியது. அப்பாவின் கதவைப் பார்த்தாள், நகையைப் பார்த்தாள்.

"இப்ப என்ன பண்ணலாம்? கறை படியாம இருக்க?"

"வெந்நீரும் சோப்பும் இருந்தா போதும். கறுப்பை எடுத்துடலாம். காசு வெள்ளையா இருக்கும். முன்ன மாதிரி ஆகாது."

"எடுத்துடுங்க."

கிண்ணத்தில் வெந்நீர் வந்தது. யூனிஸ் மற்ற காசுகளில் ஒரு துளி படாமல் துணியை மடித்து வைத்து, பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. தாரணி மருதாணிக் கையை உயர்த்திப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சும் ஒரே மாதிரி இருந்தது. இப்போ இது மட்டும் தனியாத் தெரியுது," என்றாள் முடிவில். கோபமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் இல்லை. "சரி. நீங்க கெளம்புங்க. அப்பா இன்னைக்கு இனிமே பேச மாட்டார்."

ஆனால் டாக்டர் அன்றைக்கே ராதாவிடம் போனில் பேசிவிட்டார். வியாழக்கிழமை காலையில் யூனிஸ் படியேறுவதற்குள் ராதா கீழேயே அவளை நிறுத்தினாள். இவ்வளவு கோபத்தில் அவளை யூனிஸ் பார்த்ததில்லை.

"கெடுத்தது ஒரு தப்பு. மறைச்சது ரெண்டாவது. என்னைத் தாண்டி நேரா அவர் வீட்டுக்குப் போனியே, அது மூணாவது. அவர் போன் பண்றார், நான் முட்டாள் மாதிரி 'என்ன சார், என்ன சார்'னு கேட்டுட்டிருக்கேன். என்கிட்ட சொல்ல உனக்கு என்ன பயம்?"

"மூணு வாட்டி வந்தேன் மேடம்."

"வந்து லீவு கேட்ட." ராதா வாசலைக் கைகாட்டினாள். "வீட்டுக்குப் போ. நான் சொல்லி அனுப்பறவரைக்கும் வர வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை யூனிஸ் சர்ச்சில் உட்கார்ந்திருந்தாள். தாரணியின் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பத்தரை ஆனதும் சிரில் அவள் முழங்கையை லேசாக இடித்து, "முடிஞ்சிருக்கும்" என்றான்.

அதன் பிறகு மூன்று வாரம் வீட்டிலிருந்தாள். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து பார்ப்பாள். வேறு பட்டறைகளில் கேட்கலாம் என்று சிரில் சொன்னான். "ஏன் அங்கேருந்து வந்தேன்னு கேப்பாங்க" என்றாள். டிசம்பர் நடுவில் ஒரு மத்தியானம் அய்யாவுவே வந்து நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார்.

"உன் எடத்துல ஒரு பொண்ண வச்சாங்க. முத்து மாலையை வெள்ளி கழுவுற மருந்துல முக்கிடுச்சு. முத்தெல்லாம் சுண்ணாம்பு மாதிரி ஆயிப்போச்சு. மேடம் தலையில கை வச்சிக்கினு உக்காந்துட்டாங்க." அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வரச் சொன்னாங்க. முட்டை நாத்தம் எனக்கு அன்னைக்கே வந்துச்சு யூனிஸ். நான் திரும்பிப் பாத்திருக்கணும்."

யூனிஸ் போனாள். ராதா அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் பழைய காசு, முத்து, பழைய நகை எதையும் இரண்டு வருஷம் அவளிடம் கொடுக்கவில்லை. வேலை முடிந்த ஒவ்வொரு பெட்டியையும் ராதா திறந்து பார்த்த பிறகே மூடினாள். முதலில் அது யூனிஸைச் சுட்டது. போகப்போக, யாராவது திறந்து பார்க்க இருக்கிறார்கள் என்பது அவளுக்கு ஒருவித ஆறுதலாகவே ஆயிற்று. ஒரு நாள், காப்பு ஒன்றில் சின்னக் கீறல் விழுந்தபோது, சக்கரம் நிற்பதற்குள் "மேடம்!" என்று மாடியிலிருந்து கத்தினாள். ராதா பதறி ஓடி வந்து, கீறலைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இப்படிக் கத்தின?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சுந்தரம் பிறகு கடைக்கு வரவே இல்லை. 2003இல் தாரணி வந்தாள். சிங்கப்பூரில் இருந்தாள், லீவுக்கு வந்திருந்தாள். சங்கிலியின் கொக்கி தளர்ந்திருந்தது. ராதா நகையை வாங்கி, ஒரு கணம் யோசித்து, யூனிஸைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். யூனிஸ் ஐந்து காசுகளையும் தனித்தனியாகத் துணியில் பொதிந்து, அய்யாவு கொக்கியை மாற்றும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

திருப்பிக் கொடுக்கும்போது தாரணி அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்கதானே அன்னைக்கு வீட்டுக்கு வந்தது?"

"ஆமாம்மா. அப்பா எப்படி இருக்காங்க?"

"கண்ணு சுத்தமா தெரியல இப்போ. நான் வந்தா இதை வாங்கி மடியில வச்சு விரலால தடவிட்டே இருப்பார். எது யாருன்னு கரெக்டா சொல்லிடுவார்." அவள் நகையைப் பைக்குள் வைத்தாள். "உங்க பேரு என்ன? அப்பாகிட்ட சொல்றேன்."

"சொல்ல வேணாம்மா," என்றாள் யூனிஸ். பிறகு, தாரணி கதவருகே போனதும், "யூனிஸ்" என்றாள். தாரணி தலையசைத்துவிட்டு வெயிலில் இறங்கி, ஆட்டோவைக் கைகாட்டினாள்.